முரணலை: ‘ரோக் வேவ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

“சித்தப்பா, ரோக் வேவ்னா சுனாமிதானே? பேப்பர்ல ராட்சத அலைன்னு போட்டிருக்கே” என்று அண்ணன் மகள் கேட்டாள். சுனாமி இல்லை, சுற்றியுள்ள அலைகளை மிஞ்சி எழும் ஒற்றை அலை அது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேச நமக்கென்ன வந்தது என்று தோன்றலாம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் இங்கே வந்தோம், அந்தப் பயத்தில்தான் வீட்டை இத்தனை உயரம் தூக்கிக் கட்டினோம் என்று இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. போதாததற்கு, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பேசலாம்.

‘ரோக்’ என்ற ஆங்கிலச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஊர்சுற்றிப் பிச்சைக்காரனைக் குறித்தது. பிறகு போக்கிரி, அயோக்கியன் என்று பொருள் இறங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகளைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்கள், மந்தையை விட்டு விலகி மூர்க்கமாகத் திரியும் யானையையும் ரோக் என்றார்கள். நம் செய்தித்தாளில் வரும் ‘ஒற்றை யானை’தான் அது. அலையின் பெயரிலும் அந்த யானைச் சாயல் இருக்கிறது: கூட்டத்தோடு சேராதது.

இத்தனை மீட்டர் இருந்தால்தான் ரோக் வேவ் என்று கணக்கு எதுவும் கிடையாது. அந்த நேரத்துக் கடலில் எழும் அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அந்தச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒன்று எழுந்தால் அதற்குத்தான் இந்தப் பெயர். சராசரி 3 மீட்டராக இருக்கும் கடலில் வரும் 7 மீட்டர் அலைக்கு இது பொருந்தும். 12 மீட்டர் கடலில் வரும் 15 மீட்டர் அலைக்குப் பொருந்தாது. 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி பதிந்த அலை 25.6 மீட்டர். அப்போதைய சராசரி சுமார் 12. மாலுமிகளின் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் அதன் பிறகுதான் வாயை மூடினார்கள்.

அலை இப்படித் திமிறக் காரணங்கள் பல. கடற்படுகைச் சரிவு அவற்றில் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அலை நீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் இருந்தால் அலைக்குத் தரை இருப்பதே தெரியாது. 10 வினாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 156 மீட்டர். ஆக 78 மீட்டர் ஆழத்தில் அதற்குக் கால் தட்டுகிறது. தட்டியதும் வேகம் குறையும், நீளம் சுருங்கும், ஆழம் இன்னும் குறையக் குறைய உயரம் கூடும். முத்துமாரியம்மன் பால்குடம் அகலத் தெருவிலிருந்து சந்துக்குள் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள்: முன்னால் போகிறவர் நடை தளர, பின்னால் வருகிறவர் முதுகில் முட்ட, நடுவில் குடங்கள் நெருங்கித் ததும்பும்.

ஆனால் சரிவு எல்லா அலைகளையும்தானே உயர்த்துகிறது, ஒன்று மட்டும் எப்படித் துருத்திக்கொண்டு நிற்கும்? நியாயமான கேள்வி. நார்வே ஆய்வாளர் கார்ஸ்டன் ட்ருல்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட அலைத்தொட்டிச் சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. சரிவு ஏறி முடியும் விளிம்பில், ஆழம் குறைந்த பக்கத்தில், இத்தகைய அலைகளுக்கான வாய்ப்பு சட்டென்று கூடுகிறது. சற்றுத் தள்ளிப் போனால் மறுபடி தணிகிறது. புது ஆழத்துக்குப் பழகிக்கொள்ள அலைக்கூட்டத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தத் தடுமாற்றத்தில் முகடுகள் கூர்ந்து எழுகின்றன. சரிவு மெதுவாக ஏறினால் அலைகள் பழகிக்கொண்டே வந்துவிடும். மேலேறிய பிறகும் ஆழம் நிறைய இருந்தாலும் இந்தச் சேட்டை பெரிதாக இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ராட்சத அலை’ வெறும் பருமனைத்தான் சொல்கிறது. 1964 தனுஷ்கோடிப் புயலுக்கும் 2004 சுனாமிக்கும் அதையே எழுதித் தீர்த்தாயிற்று. ‘ஆழிப்பேரலை’ சுனாமிக்கென்று நிலைத்துவிட்டது. ‘கள்ளக்கடல்’ அழகான சொல், ஆனால் அது எங்கோ தென்கோடிப் புயல் கிளப்பிய அலைத்தொடர் காற்றில்லாத நாளில் கரையேறுவது. ‘தனியலை’ வேண்டாம், வடிவம் மாறாமல் தனியே நகரும் ‘சாலிட்டன்’ என்ற வேறு வகை அலையோடு குழம்பும். ‘போக்கிரி அலை’ சிரிப்பு மூட்டுகிறது. ‘முரட்டு அலை’ பரவாயில்லை, ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் எல்லா அலையும் முரட்டு அலைதான்.

என் தேர்வு ‘முரணலை’. முரண் என்றால் மாறுபாடு, பகை. பழந்தமிழில் வலிமை என்றும் பொருள். பக்கத்து அலையோடு மாறுபடுவதும் வலிமையில் மிஞ்சுவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. அண்ணன் மகள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “பரீட்சைப் பேப்பர் வாசனை அடிக்குது சித்தப்பா” என்றாள். அதுவும் உண்மைதான். ராமேசுவரத்தில் கடலின் குணம் பார்த்து ஆண் கடல், பெண் கடல் என்று பெயர் வைத்தவர்கள் படித்துவிட்டா வைத்தார்கள்? தொண்டிப் பக்கம் படகில் போகிறவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் என்னுடையதை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள்.