ஜெரிஸ்கேப்: ஜெராக்ஸுக்குப் பங்காளி

தாலுகா ஆபீஸ் இருக்கிற தெருவில் நாலு ஜெராக்ஸ் கடையாவது இருக்கும். "ரெண்டு ஜெராக்ஸ் போடுங்கண்ணே" என்று கேட்கிற யாரும் தான் கிரேக்கம் பேசுவதாக நினைப்பதில்லை. ஆனால் பேசுகிறோம். 'ஜெரோஸ்' என்றால் கிரேக்கத்தில் உலர்ந்தது, காய்ந்தது. 1938இல் செஸ்டர் கார்ல்சன் நியூயார்க் நகரத்து அஸ்டோரியாவில் எடுத்த முதல் நகல், எந்தத் திரவத்திலும் நனையாமல், மின்னேற்றமும் பொடியும் கொண்டே உருவானது. பின்னால் அந்த முறைக்கு 'ஜெரோகிராபி', அதாவது உலர் எழுத்து, என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து நம் தெருமுனைக்கு வந்ததுதான் ஜெராக்ஸ்.

அதே வேரில் முளைத்த இன்னொரு சொல் ஜெரிஸ்கேப்: தண்ணீரைக் குறைவாகக் கேட்கும் தோட்ட முறை. தமிழில் அதிகம் புழங்காத சொல். ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வீடு கட்டுகிற தமிழர்களுக்கு இது பழக்கமாகிக்கொண்டிருக்கிறது. அங்கே பல ஊர்களில் தோட்டம் போடுவதற்கும் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

சொல் பிறந்த ஆண்டு 1981, ஊர் கொலராடோவின் டென்வர். ஆண்டுக்குச் சுமார் 15 அங்குல மழைதான் அந்த ஊருக்கு. ஆனால் வீட்டு வாசலில் எல்லோருக்கும் கென்டக்கி புளூகிராஸ் புல்தரை வேண்டும். (பெயர்தான் கென்டக்கி, புல்லின் பூர்விகம் ஐரோப்பா.) கோடையில் நகரத் தண்ணீரில் பெரும்பங்கு இந்தப் புல்லுக்கே போவதைப் பார்த்த டென்வர் வாட்டர் என்ற குடிநீர் அமைப்பு, தோட்டக்காரர்களையும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரையும் கூட்டி உட்கார்ந்து பேசியது. வறண்ட ஊருக்கு ஏற்ற தோட்ட முறைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அங்கே பணியாற்றிய நான்சி லெவிட் 'ஜெரோஸ்' என்பதையும் 'லேண்ட்ஸ்கேப்' என்பதையும் ஒட்டவைத்தார் என்பது பதிவு. டென்வர் வாட்டர் அதை வணிகக் குறியாகவும் பதிந்துகொண்டது.

வால் பகுதிக்கும் தனிக் கதை உண்டு. லேண்ட்ஸ்கேப் என்பது டச்சு ஓவியர்களின் சொல், 'லாண்ட்ஸ்காப்' என்பார்கள். 1600ஐ ஒட்டி ஓவியங்களோடு சேர்ந்து ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் அதன் பொருள் நிலமல்ல, நிலத்தைத் தீட்டிய படம். படத்தின் பெயர் பிறகு நிலத்துக்கு வந்து, அப்புறம் நிலத்தைப் படம்போல ஆக்கும் தொழிலுக்கும் ஆனது. ஆக, ஜெரிஸ்கேப்புக்குத் தலை கிரேக்கம், வால் டச்சு. கிரேக்க வழக்கப்படி ஒட்டியிருந்தால் 'ஜெரோ' என்றுதான் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். இப்போதே அமெரிக்கர்கள் பலர் அதை 'ஸீரோஸ்கேப்' என்றுதான் சொல்கிறார்கள்.

அது வெறும் உச்சரிப்புப் பிழையாக நிற்கவில்லை. 'ஸீரோ' என்று காதில் விழுந்ததை மனம் அப்படியே நம்பிவிட்டது. செடியும் ஸீரோ, தண்ணீரும் ஸீரோ. புல்லைப் பெயர்த்து எறிந்து, பிளாஸ்டிக் விரிப்பின்மேல் ஜல்லியைக் கொட்டி, மூலையில் ஒரு கள்ளியை நட்டுவிட்டு 'ஜெரிஸ்கேப் போட்டாச்சு' என்கிறார்கள். கோடையில் அந்த ஜல்லி தோசைக்கல்லாகக் காய்ந்து வீட்டையும் சேர்த்துச் சுடும். டென்வரில் அன்று வகுத்த 7 நெறிகளில் ஜல்லி மட்டுமே தோட்டம் என்று எதுவும் கிடையாது. முதலில் திட்டமிடு, மண்ணைச் சீராக்கு, புல்லைத் தேவையான இடத்தில் மட்டும் வை, ஊருக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடு, நீரை வீணாக்காமல் பாய்ச்சு, மண் காயாதபடி மேலே மூடாக்குப் போடு, பராமரி. அவ்வளவுதான். புல்லே கூடாது என்றுகூடச் சொல்லவில்லை.

பெயர் ஒன்று சொல்ல, பொருள் வேறாக இருக்கும் சொல் சட்டத்துக்குள் போனால் என்ன ஆகும்? அரிசோனாவின் டூசான் நகரம் 1991இல் ஜெரிஸ்கேப் என்ற பெயரிலேயே விதி போட்டது. பாலைவன ஊர், பெயர் பொருந்தியது. புளோரிடாவும் தன் சட்டத்தில் அந்தச் சொல்லை வைத்திருந்து, 2009இல் எடுத்துவிட்டு 'புளோரிடாவுக்கு உகந்த தோட்டம்' என்று மாற்றிக்கொண்டது. ஆண்டுக்கு 50 அங்குலத்துக்குமேல் மழை பெய்கிற மாநிலத்தில் 'உலர்' என்ற சொல் ஒட்டாமல் நின்றதில் வியப்பில்லை. டெக்சாஸில் நிலைமை வேறு: புல்தரை இல்லாத வீட்டை அக்கம்பக்கத்து வீட்டுரிமையாளர் சங்கங்களே எதிர்த்தன. 2013இல் வந்த சட்டம், ஜெரிஸ்கேப்பைச் சங்கங்கள் அடியோடு தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

கலிஃபோர்னியா தன் விதியின் பெயரில் அந்தச் சொல்லை வைக்கவில்லை. அங்கே விதியின் பெயர் 'மாதிரி நீர்ச்சிக்கனத் தோட்ட விதி'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'எம்வெலோ' என்கிறார்கள். 1990இல் வந்த சட்டத்தின் கீழ் 1993 முதல் நடைமுறைக்கு வந்து, 2015 வறட்சியில் இறுக்கப்பட்டது. மாநிலம் ஒரு மாதிரி விதியை எழுதித் தரும். ஒவ்வொரு நகரமும் மாவட்டமும் அதற்குக் குறையாத சொந்த விதியை வைத்துக்கொள்ளலாம். வைக்காத ஊருக்கு மாதிரியே விதி. புதிதாகக் கட்டும் இடத்தில் தோட்டம் 500 சதுர அடியைத் தொட்டாலே விதி பாயும். 2015க்கு முன் இந்த எல்லை 2,500 சதுர அடி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த உள்ளூர் விதிக்குப் பெயர் 'ஆர்டினன்ஸ்'. நம் செய்தித்தாள் பழக்கத்தில் ஆர்டினன்ஸ் என்றதும் கை தானாக 'அவசரச் சட்டம்' என்று எழுதிவிடும். கலிஃபோர்னியத் தோட்ட விதியில் அவசரம் எதுவும் இல்லை. அது நகரமன்றம் கூடிப் பேசி நிறைவேற்றும் விதி. நம் ஊர் முறையில் உள்ளாட்சித் துணைவிதி. நம்மிடம் உண்மையிலேயே அவசரச் சட்டமாக வந்த தண்ணீர் விதி ஒன்று உண்டு: 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று 'மழைநீர் சேகரிப்பு' என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நேராக வீட்டுச் சுவருக்கு வந்தது. பிளம்பர் முதல் பாட்டி வரை ஒரே சொல். மழை, நீர், சேகரிப்பு என மூன்றும் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருந்தவை. அந்த அதிர்ஷ்டம் 'ஜெரிஸ்கேப்'புக்கு எந்த மொழியிலும் வாய்க்கவில்லை.

கலிஃபோர்னிய விதியின் உயிர்நாடி ஒரு பெருக்கல் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அழகான கணக்கு. ஓர் ஊரில், நன்றாகத் தண்ணீர் குடித்த புல் மூடிய நிலம், மண் வழியாக ஆவியாகியும் இலை வழியாக மூச்சாகியும் ஓர் ஆண்டில் எத்தனை அங்குல நீரை இழக்கும் என்று வானிலை நிலையங்கள் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. அதை 50 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றால் அது 0.62 காலன். தோட்டம் 1,000 சதுர அடி. மூன்றையும் பெருக்கினால் 31,000 காலன். இது புல்லின் முழுத் தாகம். விதி சொல்வது: வீட்டுத் தோட்டமென்றால் இதில் 0.55 பங்குதான் உனக்கு. ஆக உனக்கு அளக்கும் படி 17,050 காலன், சுமார் 64,500 லிட்டர். நாளுக்கு 180 லிட்டர்கூட இல்லை. கடை, அலுவலகத் தோட்டமென்றால் பங்கு 0.45. 1993இல் இந்தப் பங்கு 0.8, 2010இல் 0.7, ஒவ்வொரு திருத்தத்துக்கும் படி குறைந்துகொண்டே வருகிறது. புல்தரையைச் சுருக்க வந்த விதிக்குப் புல்லே அளவுகோல் என்பது எனக்குப் பிடித்த முரண்.

இந்தப் படிக்குள் என்ன நடலாம் என்பது அவரவர் பாடு. வாசல் புல்தரையின் தேவையை அந்த 31,000 காலனில் 0.8 பங்கு என்றும், தெளிப்பான் விடும் நீரில் செடிக்குப் பயன்படுவதை விதி சொல்லும் 0.75 பங்கு என்றும் கொண்டால், முழுக்கப் புல் போட்ட தோட்டம் சுமார் 33,000 காலன் கேட்கும்; படியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கால் பங்கு மட்டும் புல், மீதியில் தண்ணீர் அதிகம் கேட்காத செடி, அதற்குச் சொட்டுநீர் என்றால் கணக்கு நேராகும். கணக்கே வேண்டாம் என்கிற சிறிய தோட்டக்காரருக்கு விதியின் பின்னிணைப்பு ஒரு குறுக்குவழி தருகிறது. அதிலும் வீட்டுக்குப் புல்லின் உச்சவரம்பு 25 விழுக்காடுதான். செடியைச் சுற்றி 3 அங்குல மூடாக்கு, 10 அடிக்குக் குறைவான பட்டையில் தெளிப்பான் கூடாது என்பவை எல்லாம் கூடவே வரும் நிபந்தனைகள்.

இப்போது தமிழுக்கு வருவோம். மொழிபெயர்ப்புக் கருவியிடம் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று கொடுத்தால் 'இயற்கையை ரசித்தல்' என்று எடுத்து நீட்டும். அதன்படி, அனுமதி வாங்காமல் இயற்கையை ரசித்தால் அபராதம் என்றாகிவிடும். 'நீர் திறன்மிக்க நிலத்தோற்றம்' என்றும் எழுதுகிறார்கள். தண்ணீருக்கு ஏது திறன்? திறன் பாய்ச்சுகிறவனுக்கல்லவா இருக்க வேண்டும்?

'வறள்நிலத் தோட்டம்' கொஞ்சம் மேல். தாவரவியல் பாடநூலில் 'வறண்ட நிலத் தாவரம்' இருப்பதால் காதுக்குப் பழக்கம். கிரேக்க வேருக்கும் நேர். ஆனால் நேராக இருப்பதுதான் அதன் குறை. 'ஸீரோ' செய்த வேலையை 'வறள்' தமிழில் செய்யும். வறட்சியை யாராவது வேண்டி வாசலில் நட்டு வைப்பார்களா? 'மானாவாரித் தோட்டம்' என்று ஒரு நண்பர் சொன்னார். சொல் அருமை, வானம் பார்த்த நிலத்தின் வாசனை அதில் இருக்கிறது. ஆனால் மானாவாரியில் மழையை நம்பி விதைத்துவிட்டு நிற்கிறோம். ஜெரிஸ்கேப்பில் செடி வேர்பிடிக்கும் வரை உயிர்த்தண்ணீர் விட்டாக வேண்டும், அதன் பிறகும் அளந்து விட வேண்டும்.

நான் 'நீர்ச்சிக்கனத் தோட்டம்' என்றே எழுதுகிறேன். சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்பது தமிழ் வீடுகளில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கருமி செலவே செய்யமாட்டான். சிக்கனக்காரர் கல்யாணத்தையும் நடத்துவார், கணக்கும் வைத்திருப்பார். விதி கேட்பதும் அதைத்தான். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று நாம் வைவோமே, கலிஃபோர்னியாவில் தண்ணீரைப் பணமாகச் செலவழிக்கச் சொல்கிறார்கள். மூடாக்கு, சொட்டுநீர், தெளிப்பான் மூன்றும் நம் உழவர் வாயில் புழங்குபவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இடறிய சொல் ஒன்றே ஒன்று: 'ஹைட்ரோஸோன்'. ஒரே அளவு தண்ணீர் கேட்கும் செடிகளைச் சேர்த்து வைத்து, அந்தத் தொகுதிக்குத் தனி வால்வு வைப்பது. கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் வீடு கட்டும் அக்கா மகன் போனில் இதைத்தான் கேட்டான். "மாமா, பிளான்ல இதைத் தனித்தனியா காட்டணுமாம். அம்மாச்சிக்குச் சொல்லணும், தமிழ்ல என்ன?" 'நீர்த்தேவை மண்டலம்' என்று ஏதோ உளறினேன். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா போனை வாங்கி, என்ன சங்கதி என்று அவனிடமே கேட்டுக்கொண்டாள்.

"இதுக்கா இத்தனை பேச்சு? வாழைக்கு ஒரு மடை, வெங்காயத்துக்கு ஒரு மடை. ரெண்டுக்கும் ஒரே மடையில விட்டா வெங்காயம் அழுகிப்போகும். ஒங்க தாத்தா ராத்திரி மம்பட்டியோட நின்னு மடை மாத்துவாரு. அதத்தான் ஒங்க ஊர்ல கேக்குறான்."

மண்டலத்தை அன்றே கைவிட்டேன். வால்வுக்கு மடை, தொகுதிக்கு மடைப்பாத்தி. போன வாரம் அவன் வால்வுப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மூடியின் உட்புறம் மார்க்கரில் தமிழிலேயே எழுதியிருந்தான்: மடை 1 எலுமிச்சை, மடை 2 ரோஸ்மேரி, சேஜ், மடை 3 புல். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவனுக்கே போன் போடச் சொன்னாள்.

"ஏய்யா, மூணாவது மடைப் புல்லு எந்த மாட்டுக்கு?"