ஹேங்ஃபயர்: தமிழில் 'சுணக்க வெடி'

துப்பாக்கியின் விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு, சற்றுப் பிந்தித் தோட்டா வெடித்தால் அது ஹேங்ஃபயர். கடைசிவரை வெடிக்காமலே போனால் மிஸ்ஃபயர். நாம் பேச்சில் இரண்டையும் சேர்த்து 'புஸ்ஸாகிவிட்டது' என்று முடித்துவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் 'ஹேங்' என்றால் தொங்குவது. முடிவாகாமல் இழுபடுவதற்கும் அதையே சொல்வார்கள். ஹேங்ஃபயர் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக் காலத்துச் சொல். அந்தத் துப்பாக்கியில், விசையை இழுத்ததும் அடிக்கும் 'குதிரை' என்ற பாகத்தில் பொருத்திய கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். வெளியே சிறு கிண்ணத்தில் இட்ட வெடிமருந்து முதலில் பற்றும். அந்தத் தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய் மீதி மருந்தை எட்ட வேண்டும். துளை அடைத்திருந்தாலோ மருந்து ஈரமாக இருந்தாலோ தீ வழியிலேயே தயங்கும். ஒழுங்காகச் சுட்டாலும்கூட கிண்ணத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பறவைகள் மிரண்டு தப்பின. வேட்டைப் பிரியரான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித்துக்கு இதுதான் எரிச்சல். தட்டினாலே வெடிக்கும் ஃபல்மினேட் என்ற வேதிப்பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு அவர் 1807-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் அந்த வழியில் வந்ததுதான்.

பிரைமர் வந்தபின் ஹேங்ஃபயர் அரிதாகிவிட்டது, ஒழியவில்லை. தோட்டா பழசாகி நமத்திருக்கலாம், பிரைமரில் எண்ணெய் இறங்கியிருக்கலாம், பிரைமரைத் தட்டும் ஊசியை உந்தும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். பெரும்பாலும் தாமதம் ஒரு நொடியைக்கூடத் தொடாது.

தமிழில் 'தாமத வெடிப்பு' என்று எழுதலாம், பொருள் சரிதான். ஆனால் அதைக் கேட்டால் நேரம் குறித்து வைத்த வெடிகுண்டு நினைவுக்கு வருகிறது. எனக்குப் பிடித்தது 'சுணக்க வெடி'. வர வேண்டியது வராமல் சுணங்குகிறது என்பது அதில் இருக்கிறது. மிஸ்ஃபயருக்கு 'வெடியாமை' போதும். துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்ததுதானே, ஹேங்ஃபயரையும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். தாராளமாக. ஹேங்ஃபயரையும் மிஸ்ஃபயரையும் ஒன்றாக்காமல் இருந்தால் சரி.

ஏனென்றால் 'டிக்' கேட்ட அந்த நொடியில் எது நடந்தது என்று சுடுபவருக்குத் தெரியாது. அதனால் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், எல்லாவற்றையும் முதலில் சுணக்க வெடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குழல் முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும். குறைந்தது 30 நொடி காத்திருங்கள். சில ரேஞ்சுகளில் 60 நொடி. அப்புறம்தான் முகத்தை விலக்கிக்கொண்டு, தோட்டா இருக்கும் அறையைப் பின்னால் மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். தோட்டா அறைக்குள் வெடித்தால் எஃகு தாங்கும். பாதி வெளியே வந்த நிலையில் வெடித்தால் பித்தளைக் கூடு சிதறிக் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். தட்டி, இழுத்து, உடனே அடுத்ததைச் சுடு என்று சொல்லித்தரும் பயிற்சி சண்டைக்களத்துக்கானது. ரேஞ்சில் அந்த அவசரம் யாருக்கும் இல்லை.

இந்தக் குடும்பத்தில் இன்னொன்று ஸ்க்விப். சிறு வெடிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சத்தம் சோப்ளாங்கியாகக் கேட்கும், பின்னுதைப்பும் குறைவாக இருக்கும். தோட்டாவில் மருந்து போதாமல் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். 'குழலடைப்பு' என்றால் விஷயம் நேராகப் புரியும். இங்கே காத்திருந்தால் மட்டும் போதாது: அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்துவிடலாம். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழல் காலியா என்று பார்த்த பிறகுதான் மறுபடி சுட வேண்டும்.