கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்

போன வாரம் குன்னூரிலிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வு பெற்ற மருத்துவர். கையில் கனமான ஒரு ஃபைல். 30 வருடம் ஆசைப்பட்டு, 14 மாதம் காத்திருந்து, நிறத்திலிருந்து சீட் தையல் வரை ஒவ்வொன்றாகத் தானே தேர்வு செய்து ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய காகிதங்கள் அதில் இருந்தன. வந்து இறங்கியது அவர் கேட்ட வண்டி இல்லை. பச்சைதான், ஆனால் அவர் கேட்ட பச்சை இல்லை. அதைவிட முக்கியம், மேடு வந்தால் வண்டியின் மூக்கைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்ட் அதில் இல்லவே இல்லை.

"எப்போ எடுத்தீங்க?" என்றேன்.

"ஏழு மாசம் ஆச்சும்மா."

"டெலிவரி நோட்டில் ஏதாவது எழுதினீங்களா?"

"கையெழுத்துப் போட்டேன். எடுத்துட்டுப் போங்க, ரெண்டு வாரத்துல சரி பண்ணிடறோம்னு சொன்னாங்க. அதான் வாரண்டி இருக்கே வக்கீலம்மா."

இந்தக் கடைசி வரியை இந்த ஒரு வருடத்தில் நான்காவது முறையாகக் கேட்கிறேன். கோத்தகிரியில் ஒருவர், கூடலூரில் ஒருவர், ஊட்டியிலேயே ஒருவர், இப்போது இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தயவுசெய்து இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தவறாக வந்த வண்டிக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமே இல்லை. மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ பழுது இருந்தால் இலவசமாகச் சரி செய்து தருகிறோம் என்று கம்பெனி எழுதித் தருவதுதான் வாரண்டி. நீங்கள் ஒரு பச்சை கேட்டு வேறு பச்சை வந்தால், அந்தப் பெயின்டில் என்ன பழுது? உரியவில்லை, குமிழ் விடவில்லை, வெளுக்கவில்லை. அருமையான பெயின்ட். நீங்கள் கேட்டது அதுவல்ல, அவ்வளவுதான். லிஃப்ட் இல்லாமல் வந்த வண்டியில் லிஃப்ட் எப்படிப் பழுதாகும்? பொருத்தாத பாகத்துக்கு வாரண்டி எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்கு அரக்குக் கரை வைத்து நெய்யச் சொன்ன சேலை நீலக் கரையோடு வந்தால், "சாயம் போகாது" என்று கடைக்காரர் தந்த உத்தரவாதத்தை நீட்டி நியாயம் கேட்பீர்களா? வாரண்டி என்பது அந்தச் சாய உத்தரவாதம். "நான் ரெண்டு வருஷம் கூடுதல் வாரண்டியும் வாங்கியிருக்கேன்" என்றார் கூடலூர்க்காரர். ஐயா, அதே வாக்குறுதியை இன்னும் இரண்டு வருடத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். சர்வீஸ் பேக்கேஜும் அப்படித்தான்.

சரி, வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. உங்களுக்குக் கைகொடுப்பது வாரண்டிப் புத்தகம் இல்லை, ஆர்டர் காகிதம். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 15-வது பிரிவு, விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் 'குறைபாடு' என்ற சொல்லுக்குள் ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரத்தில் உள்ள குறையும் வருகிறது. ஆக, வாரண்டிப்படி பழுது இல்லாத வண்டி சட்டப்படி குறையுள்ள வண்டியாக இருக்க முடியும்.

ஆனால் இந்த உரிமை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. பொருள் சரியில்லை, எடுக்க மாட்டேன் என்று மறுக்கும் உரிமை, நீங்கள் அதை ஏற்றுக்கொள்ளும்வரைதான். அந்த 1930 சட்டத்தின் 42-வது பிரிவின்படி, ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும் ஏற்றதுதான். உங்கள் சொந்தப் பொருள்போல நடத்தினாலும் ஏற்றதுதான். மறுக்கிறேன் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலும் ஏற்றதுதான். ஏற்றபின் மிஞ்சுவது, பொதுவாக, நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும். மருத்துவர் ஏழு மாதம் வைத்திருந்தார். நடுவே இரண்டு முறை மைசூர் போய் வந்திருக்கிறார்.

வழக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் எதிர்த்தரப்பு முதல் நாளே எடுத்து நீட்டப் போவது, "வண்டியை நல்ல நிலையில், ஆர்டர்படி பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே இருக்கும் உங்கள் கையெழுத்தைத்தான். அதற்குப் பதில் சொல்வதிலேயே பாதி வழக்கு கரைந்துவிடும்.

அந்த லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை. "பணக்காரர் வண்டி, ஒரு வசதி குறைந்தால் என்ன?" என்று என் ஜூனியரே கேட்டார். மலையில் இருப்பவர் இப்படிக் கேட்கக் கூடாது. மருத்துவரின் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. குன்னூரில் பாதி வீடுகள் அப்படித்தான். ரோடும் சரிவும் சேரும் இடத்தில் தாழ்வான வண்டியின் அடி தட்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; நம் ஊர்களில் தெருக்காரர்களே போட்டுக்கொள்ளும் வேகத்தடைகள் எந்த விதியையும் பார்ப்பதில்லை. மூக்கை 4 செ.மீ. தூக்கினால் அங்கே வண்டி தப்பும், தூக்காவிட்டால் பம்பர் போகும். பின்னால் பொருத்திக்கொள்ளலாம் என்றால் அதுவும் எளிதில்லை. ஷாக் அப்சார்பர், பம்ப், ஆயில் குழாய், வயரிங், சாஃப்ட்வேர் எல்லாம் மாற வேண்டும். ஷோரூம் முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டது. அந்த வண்டி இன்று கோயம்புத்தூரில் மகன் வீட்டில் நிற்கிறது. சொந்த வீட்டுக்குள் இறக்க முடியாத வண்டிக்கு அவர் கட்டியது ஒரு கோடியே எண்பது லட்சம்.

தப்பு எங்கே நடக்கிறது? எல்லோரும் ஃபேக்டரியைத்தான் திட்டுகிறார்கள். நான் பார்த்த நான்கில் மூன்று, ஷோரூமில் ஆர்டரை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நடந்தவை. இந்த வகைக் கார்களில் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு கோட், அதாவது குறியீடு, உண்டு. ஃபேக்டரி படிப்பது அந்தக் குறியீட்டை. நாம் பேசுவது 'பச்சை', 'சிவப்பு' என்று. ஃபெராரியில் ரோஸோ கோர்ஸா, ரோஸோ ஸ்குடேரியா இரண்டும் நம் கண்ணுக்குச் சிவப்புதான், கம்பெனிக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு எழுத்து மாறினால் வேறு நிறத்தில் வண்டி வரும். இன்னொரு வகை, நாம் பின்னால் சொன்ன மாற்றம் ஆர்டர் பூட்டப்பட்ட, அதாவது இனி மாற்ற முடியாது என்று ஆன, தேதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்திருக்கும். மூன்றாவது, பாகம் கிடைக்காமல் ஃபேக்டரியே ஒரு வசதியை எடுத்துவிட்டு அனுப்புவது. 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பல கம்பெனிகள் அப்படிச் செய்தன.

ஆகவே அட்வான்ஸ் கட்டியதோடு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆர்டர் கன்ஃபர்மேஷனைக் கோட் எண்களோடு அச்சில் கேளுங்கள். வாட்ஸாப்பில் வரும் அழகான படம் ஒப்பந்தம் ஆகாது. ஒவ்வொரு கோட் எண்ணையும் கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆர்டர் எந்தத் தேதியில் பூட்டப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் எதையாவது மாற்றினால், அன்றைக்கே அதை ஈமெயிலில் போடுங்கள். "வீட்டுச் சரிவு காரணமாக லிஃப்ட் கட்டாயம் தேவை" என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் இழப்பைக் கணக்குப் போடும்போது அந்த ஒரு வரி பேசும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. டெலிவரி அன்று சோதிப்பது தாமதம். நம்பர் பிளேட்டோடுதான் வண்டியை உங்கள் கையில் தருவார்கள். அதாவது நீங்கள் பார்ப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் இன்வாய்ஸ் போட்டு, ரோடு டாக்ஸ் கட்டி, பதிவும் முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். மருத்துவருக்கு அதுவே 30 லட்சத்தைத் தாண்டியது. ஒருமுறை டி.என். 43 என்று பதிவாகிவிட்டால் அந்த வண்டியை ஷோரூம் திரும்ப எடுத்துப் புது வண்டியாக விற்க முடியாது. அதனால்தான் அதன்பிறகு அவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார்கள். மாதக் கடைசி என்றால் இன்வாய்ஸ் இன்னும் அவசரமாக வரும். விற்கும் பையனுக்கும் டார்கெட் உண்டு, அவனைக் கோபித்துப் பயனில்லை. வண்டி யார்டுக்கு வந்ததுமே, இன்வாய்ஸுக்கு முன், நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு தருவது விற்பவரின் கடமை என்று அதே 1930 சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. யாரும் உங்களுக்குச் சலுகை செய்யவில்லை.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஷோரூம் விளக்கில் எல்லாப் பச்சையும் ஒன்றுதான், மழை நாளிலும் அப்படித்தான். கன்ஃபர்மேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள். லிஃப்ட் பட்டனை அழுத்தி முன்பக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பரை வண்டியிலிருந்து நீங்களே படித்து எழுதுங்கள். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17, அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. இன்வாய்ஸில் ஓ என்ற எழுத்து இருந்தால் யாரோ பூஜ்ஜியத்தைத் தப்பாக அடித்திருக்கிறார்கள், அங்கேயே திருத்துங்கள். ஆர்சியில் ஏறிய பிறகு அதை மாற்ற நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

முகூர்த்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். நல்ல நாள் பார்த்து, ராகு காலம் தொடங்கும் முன் வண்டியை நகர்த்த வேண்டும் என்று குடும்பத்தோடு போய் நிற்கிறோம். மாலை, எலுமிச்சை, கேக், ஃபோட்டோ. அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒரு கிளிப்போர்டில் ஏழெட்டுக் காகிதங்களை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு யார் படிப்பார்? நல்ல நாள் பூஜைக்கு இருக்கட்டும். சோதனையை அதற்கு நான்கு நாள் முன்பே முடியுங்கள்.

தப்பு தெரிந்ததும், "வேறு பெயின்ட் அடித்துத் தருகிறோம், ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறோம்" என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள். ஃபேக்டரி பெயின்டின் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். மேலே இன்னொரு பூச்சு ஏறினால், நாளை வாங்க வருபவர் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை வைத்ததும், விபத்தான வண்டி என்று விலையைக் குறைப்பார். நிறம் மாறினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். லிஃப்டை வெளிக்கடையில் பொருத்தினால் அதற்கு வாரண்டியும் இல்லை, வண்டியில் இஷ்டப்படி மாற்றம் செய்வதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு குறுக்கே வரும். ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்வதானால், என்ன செய்வார்கள், எந்தத் தேதிக்குள், முடியாவிட்டால் எவ்வளவு பணம் என்று லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள்.

வழக்கு என்று வந்தால், கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஷோரூம் பெங்களூரிலோ கொச்சியிலோ இருந்தாலும், நீங்கள் இங்கே வசிப்பதால் தமிழ்நாட்டிலேயே தாக்கல் செய்யலாம். ஒரு கோடிக்கு மேல் 2 கோடி வரை கட்டணம் 2,500 ரூபாய்தான். காலக்கெடு 2 வருடம். ஷோரூம், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். எஸ்டேட் கம்பெனி பெயரில் வாங்கியவர்களுக்கு, 'வணிக நோக்கத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்ற எதிர்வாதம் கட்டாயம் வரும். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார், கம்பெனி பெயரில் இருப்பதால் மட்டும் வணிக நோக்கம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

ஆறு லட்ச ரூபாய் காருக்கும் இதே சட்டம்தான். போன வருடம் ஒரு ஜீப் டிரைவர், கேட்ட மாடலுக்குப் பதில் அதற்குக் கீழ் மாடல் வந்ததென்று, டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடாமலே வண்டியை விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். ஒரு நோட்டீஸ்தான் அனுப்பினேன். 19-வது நாள் சரியான மாடல் வந்தது.

ஏதோ காரணத்தால் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் இதை எழுதுங்கள்: "ஆர்டர் எண் இது. கீழ்க்கண்டவை ஆர்டர்படி இல்லை. என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்." குறைகளை வரிசையாக எழுதித் தேதி, நேரம் போடுங்கள். "இதுல எழுதக் கூடாது சார், சிஸ்டம்ல ஏறாது" என்பார்கள். பரவாயில்லை. அங்கேயே நின்றபடி அதே வரிகளை ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் ஈமெயில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேனாவை எடுங்கள்.