கார் சீட்டு போல்ட்ட கன் வச்சு அடிக்காதீங்கய்யா

இந்த மாசத்துல இது மூணாவது வண்டி. பிரேக் புடிச்சா டிரைவர் சீட்டுக்கு அடியில டொக்குன்னு சத்தம் வருதுன்னு ஒருத்தரு கொண்டு வந்தாரு. பத்து நாளைக்கு முன்னாடிதான் எங்கயோ சீட்ட எல்லாம் கழட்டி புது ஃப்ளோர் மேட் போட்டுருக்காரு, அதைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. கழட்டிப் பாத்தா பின்பக்க போல்ட்டு ஒண்ணு கோணலா ஏறி மரையை வழிச்செடுத்துருக்கு, துருவுன இரும்புத்தூள் புது மேட்டு மேல மினுமினுன்னு கிடக்குது.

"நல்லா டைட்டாத்தான்ணே போட்டாங்க, நான் பக்கத்துலயே நின்னேன், கன் வச்சு டர்ர்ருன்னு அடிச்சாங்க"ங்குறாரு. கன்னுன்னா போல்ட்ட மெஷின் வேகத்துல முறுக்குற கருவி, அதாங்க பிரச்சனையே!

டைட்டுன்னா ஸ்ட்ராங்குன்னு யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னே தெரியல. போல்ட்டு இறுக்கும்போது ரப்பர் மாதிரி துளியூண்டு இழுபடும், அது சுருங்கப் பாக்குற வேகத்துலதான் சீட்டு தரையோட கவ்வி நிக்குது. அளவுக்கு மேல முறுக்குனா இழுபட்டது இழுபட்டதுதான், திரும்பி சுருங்காது, ஒண்ணு மரை போகும் இல்ல தலை முறியும். கோணலா ஏறுன போல்ட்டு இன்னும் மோசம், மரையில சிக்கிக்கிட்டு கைக்கு டைட்டாத் தெரியும், டார்க் ரெஞ்ச் (நாம வச்ச அளவுக்கு முறுக்கு வந்ததும் டிக்னு சத்தம் போடுற ஸ்பேனர்) கூட டிக்னு சொல்லிரும், ஆனா சீட்டு ஆடிக்கிட்டே இருக்கும்.

சாதா 8.8 கிரேடு (அது போல்ட்டோட பலத்தைச் சொல்ற நம்பர்) எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் போல்ட்டுக்கு சுமாரா 10 நியூட்டன் மீட்டர் டார்க், அதாங்க முறுக்கு விசை, போதும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில வெறும் 4 கிலோ அழுத்தம்தான், மணிக்கட்டு வேலை, அதுக்குப் போய் கன்னா? சீட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் இதை விட அதிகம் வேணும், ஆனா அந்த நம்பர உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல பாருங்க, என்கிட்ட கேட்டு வேற வண்டிக்கு போட்டுறாதீங்க.

நாலு போல்ட்டையும் முதல்ல கையால மூணு சுத்து ஏத்துங்க. கையால ஏறலன்னா கழட்டி திரும்ப போடுங்க, ஸ்பேனர எடுக்காதீங்க. நாலும் உக்காந்தப்புறம் குறுக்கால மாத்தி மாத்தி இறுக்கணும். டார்க் ரெஞ்ச் ஒரு டிக் சொன்னா நிறுத்துங்க, சந்தேகத்துக்கு ரெண்டாவது டிக் வேண்டாம். மரையில ஆயில் தடவாதீங்க, அதே டார்க்குக்கு போல்ட்டு கூடுதலா இழுபட்டுரும்.

பிளாஸ்டிக் டிரிம் (வண்டிக்குள்ள இருக்குற மூடி) ஸ்க்ரூவ முதல்ல கழட்டுற பக்கமா மெதுவா சுத்துங்க, பழைய மரையில டக்குன்னு விழும், அப்புறம் முன்னாடி சுத்துங்க. உக்காந்ததும் விட்டுருங்க, பிளாஸ்டிக்குக்கு வலிக்கும்.

சீட்டுக்கு அடியில மஞ்சக் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சமாச்சாரம். பேட்டரி நெகட்டிவ் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்து கை வைங்க. அதை கழட்டிப் போட்டுட்டு சாவிய ஆன் பண்ணிட்டு, ஏர்பேக் லைட் எரியுதுண்ணேன்னு எனக்கு போன் அடிக்காதீங்க.

சீட் பெல்ட் போல்ட்ட மட்டும் தயவு செஞ்சு "அப்புறம் பாத்துக்கலாம்"னு விடாதீங்க. மேட்டு போடுற கடையில வண்டிய எடுக்குறப்போ, கையால ஏத்துனீங்களா தம்பின்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவரு முறைச்சா முறைக்கட்டும்.