கோதுமையை நிறுத்திய பின் குடல் எடுத்துக்கொள்ளும் காலம்

தானியப் புரதம் ஒன்றைப் பகையாகக் கருதி உடலே தன் சிறுகுடலைத் தாக்கும் செலியாக் நோய் இருப்பது உறுதியான ஒருவரிடம், கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுள் முழுவதும் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், மூன்று வேளையும் ரொட்டி உண்ணும் வட இந்தியக் குடும்பம் திகைத்துப்போகும். தமிழ்நாட்டுக் குடும்பமோ, "நாம் சாப்பிடுவது சோறுதானே, இதில் என்ன கஷ்டம்?" என்ற ஆறுதலோடு வீடு திரும்பும். அந்த ஆறுதலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் குழப்பம் தொடங்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கு நின்றிருக்கும், ஆனால் காலைக் காபிக்குப் பின் வயிறு உப்பும். பசி திரும்பியிருக்கும், சோர்வு விலகியிருக்காது. சப்பாத்தியைத் தொட்டே பார்க்காத ஒரு நாளில், ரசம் சாதம் சாப்பிட்ட பிறகு பழைய வலி எட்டிப்பார்க்கும். உணவுமுறை பலிக்கவில்லை என்று சிலர் அந்தக் கட்டத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில், சிறுகுடலின் வெவ்வேறு வேலைகள் வெவ்வேறு வேகத்தில் மீள்வதுதான் இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

பரோட்டா மாவை இழுத்து வீசும்போது அது அறுந்துவிடாமல் துணிபோல் விரிவதற்குக் காரணமான புரதத் தொகுதிதான் பசையம், அதாவது குளூட்டன். கோதுமைப் பசையத்தில் கிளியாடின், குளூட்டெனின் என்று இரு வகைப் புரதங்கள் உள்ளன; பார்லியிலும் ரையிலும் இவற்றுக்கு நெருங்கிய உறவான புரதங்கள் இருக்கின்றன. இவற்றில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அளவுக்கு மீறிக் காணப்படுகின்றன. புரோலின் அடுத்தடுத்து வரும் இடங்களில் நமது செரிமான நொதிகளால் புரதச் சங்கிலியை வெட்ட முடிவதில்லை. அதனால் கிளியாடினின் சில துண்டுகள், குறிப்பாக 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, செரிக்காமல் முழுதாகவே சிறுகுடலை அடைகின்றன. இது எல்லோருடைய வயிற்றிலும் நடப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை.

செலியாக் நோயாளியிடம் கதை வேறு. குடல் சுவருக்குள் நுழையும் அந்தத் துண்டுகளில் உள்ள குளூட்டமினை, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. காயம் ஆற்றும் பணியில் உதவுகிற, நமது உடலுக்குச் சொந்தமான நொதி அது. மாற்றப்பட்ட துண்டு, டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபுவழி மூலக்கூறுகளில், பூட்டுக்குள் சாவிபோல் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைக் காணும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் பகைவன் வந்துவிட்டதாக எண்ணிப் போர் தொடங்குகின்றன. அந்தப் போரில் அழிவது குடலின் உட்பரப்பு. கூடவே, அந்த நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் தேடப்படுவது பெரும்பாலும் இந்த எதிர்ப்பொருளைத்தான். எனவே, சந்தேகம் வந்தவுடன் பரிசோதனை செய்துகொள்ளாமல் தாமாகவே கோதுமையை விட்டுவிடுவது சரியல்ல. எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஓரளவு தேறிவிட்டால், நோய் இருந்ததா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள மறுபடியும் சில வாரங்கள் கோதுமை உண்ண வேண்டிய நிலை வரும். வலியிலிருந்து விடுபட்டவரிடம் அதைச் சொல்வது எளிதல்ல.

இனி, நிறுத்திய நாளிலிருந்து என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சிறுகுடலின் உட்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் விரல்போல் நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். அவற்றின் அடியில் உள்ள குழிகளில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலேறி, நுனியை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணம் முழுவதற்கும் ஏறத்தாழ 3 முதல் 5 நாட்களே ஆகும். செலியாக் நோயில் செல்கள் முதிர்வதற்கு முன்பே அழிக்கப்படுவதால், குழிகள் ஆழமாகி அவசர அவசரமாக உற்பத்தி செய்தும் ஈடுகொடுக்க முடியாமல், உறிஞ்சிகள் குட்டையாகி, கடைசியில் தட்டையாகிவிடுகின்றன. பசையம் நின்றவுடன் புதிய தாக்குதலுக்கான தூண்டல் சில நாட்களிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பலருக்கு வயிற்றுப்போக்கும் வலியும் முதல் சில வாரங்களுக்குள் கண்கூடாகக் குறைகின்றன. செல்கள் 5 நாளில் புதுப்பிக்கப்படுகின்றன என்றால் குடலும் 5 நாளில் சரியாகிவிட வேண்டாமா என்று தோன்றும். புதிய செல் உருவாவது வேறு, சரிந்துபோன விரல் மறுபடி எழுந்து நிற்பது வேறு. சுவருக்குள் கூடியிருக்கும் அழற்சிச் செல்கள் கலைந்தால்தான் அந்த உருவம் திரும்பும். அதற்கு மாதங்கள் ஆகும், பெரியவர்களிடம் ஆண்டுகள்கூட ஆகலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பெரியவர்களின் குடல் திசுவை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், 2 ஆண்டுகளில் 34 சதவீதத்தினருக்கும் 5 ஆண்டுகளில் 66 சதவீதத்தினருக்கும்தான் உட்பரப்பு மீண்டிருந்தது. குழந்தைகளிடம் இது விரைவாக நடக்கிறது.

காபி விஷயத்துக்கு வருவோம். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, உறிஞ்சிகளின் மேற்பகுதியில் இருக்கும் முதிர்ந்த செல்களில்தான் மிகுதியாக உண்டு. ஒரு செல் குழியில் பிறந்து, உயிரோடு மேலே வரை வந்து சேர்ந்தால்தான் அந்த நொதி போதிய அளவில் கிடைக்கும். விரலே தட்டையாகிக் கிடக்கும்போது நுனிக்கு எங்கே போவது? குடல் நொதிகளில் முதலில் குறைவதும் கடைசியில் திரும்புவதும் பெரும்பாலும் இதுதான். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்புகிறது, இரைகிறது, சில நேரம் பேதியும் ஆகிறது. அறிகுறி அப்படியே பழைய நோயை ஒத்திருப்பதால், "கோதுமையை நிறுத்தியும் பயனில்லை" என்ற முடிவுக்கு வருவது இயல்பே. உடல் தேற வேண்டும் என்று வீட்டார் ஆளுக்கொரு டம்ளர் பால் நீட்டுவதும் இதே நாட்களில்தான் நடக்கும். உறைய வைக்கும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுவதால், பாலைவிடத் தயிரும் மோரும் இந்தக் காலத்தில் எளிதாக ஒத்துக்கொள்கின்றன. பெரும்பாலானோர் சில மாதங்களில் பாலுக்குத் திரும்பிவிடலாம்; இயற்கையிலேயே பால் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் அது நடக்காது.

சோர்வு இதைவிட மெதுவாக விலகும். இரும்புச்சத்து முக்கியமாக உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். செலியாக் நோய் கடுமையாகத் தாக்குவதும் அதே இடத்தைத்தான். அதனால் பலர் நோய் கண்டறியப்படும்போதே ஆழ்ந்த இரத்தசோகையோடு வருகிறார்கள். குடல் மறுபடி இரும்பை ஏற்கத் தொடங்கினாலும், சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், இரத்தம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுக் கையிருப்பும் நிரம்ப மாதங்கள் பிடிக்கும். மூன்றாம் வாரத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது உணவுமுறையின் தோல்வி அல்ல. முதல் வாரங்களில் வரும் தலைவலியையும் எரிச்சலையும் பசையத்தை விட்டதால் ஏற்படும் ஏக்க நோய் என்று இணையத்தில் சிலர் விளக்குகிறார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. பழகிய உணவு திடீரென மாறியதும், நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பதும், தூக்கக் குறைவும் அதற்கு எளிய விளக்கங்கள்.

நாட்பட்ட வயிற்றுப்போக்கு நின்ற கையோடு மலச்சிக்கல் வந்து சேர்வதும் உண்டு. கோதுமை தந்த நார்ச்சத்து போய்விட்டது. அந்த இடத்தைத் தீட்டிய வெள்ளை அரிசியும் அரிசி மாவுப் பண்டங்களும் பிடித்துக்கொண்டன. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு எதிலும் இயல்பாகவே பசையம் கிடையாது. நார்ச்சத்து தாராளமாக உண்டு. ஆனால் இரணப்பட்ட குடலுக்கு ஒரே நாளில் மூன்று வேளையும் கம்பங்கூழ் ஊற்றினால் வாயுத் தொல்லைதான் மிஞ்சும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுவதே முறை. ஓட்ஸ் பலருக்கு ஒத்துக்கொள்ளும் என்றாலும், சந்தையில் கிடைப்பதில் கோதுமைக் கலப்பு பெரும்பாலும் இருப்பதால், முதல் மாதங்களில் அதைத் தள்ளிவைக்கவே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எவ்வளவு பசையம் ஆபத்து என்ற கேள்விக்கு விடை காண, இத்தாலியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2007-இல் வெளியானது. சிகிச்சையில் தேறியிருந்த நோயாளிகள் 90 நாட்கள் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் பசையம் எடுத்துக்கொண்டபோது குடல் சேதம் தெரிந்தது. 10 மில்லிகிராம் வரை பெரும்பாலானோருக்குத் தாங்கும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கோதுமை மாவில் பசையம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 10 மில்லிகிராம் என்பது ஒரு கிராம் மாவில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். பசையமற்றது என்று விற்கப்படும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கோடு தமிழ்ச் சமையலறைக்குள் நுழைந்தால் பெருங்காய டப்பா சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பிசின் கொஞ்சம்தான். மீதி மாவும் கோந்தும். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. நான்கு பேருக்கான சாம்பாரில் போடும் பெருங்காயத்தில் கால் கிராம் கோதுமை மாவு இருப்பதாக வைத்துக்கொண்டால், பசையம் 25 மில்லிகிராம், தலைக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சற்றே மேல். அதே நாளில் ரசமும் தாளித்த மோரும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் பின்புறத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவே. ரவை கோதுமைதான் என்பதை, உப்புமாவையும் ரவா தோசையையும் கேசரியையும் மனத்தில் தனி இனமாக வைத்திருக்கும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். சேமியா, மால்ட் பானங்கள், சோயா சாஸ் ஆகியவற்றிலும் பெரும்பாலும் கோதுமையோ பார்லியோ இருக்கும். மாவு மில் இன்னொரு பொறி: முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நம் கேழ்வரகு விழுந்தால், முதலில் கொட்டும் மாவில் அவருடைய கோதுமையும் இருக்கும். வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வதே நல்லது. சல்லடையும் சப்பாத்திக் கட்டையும் தனியாக இருக்க வேண்டும்.

சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. பசையம் கிருமி அல்ல. தோசைக்கல்லின் சூட்டில் அந்தப் புரதம் மடிந்திருக்கும் வடிவம் குலையலாம், ஆனால் டி செல்கள் அடையாளம் காண்பது அமினோ அமில வரிசையைத்தான், அது அப்படியே இருக்கும். ரவையைத் தயிரில் ஊற வைப்பதும் அதை நீக்குவதில்லை. கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

தெற்கில் இந்த நோய் அரிது என்பதால் மருத்துவரே முதலில் இதை நினைக்காமல் போகலாம். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், செலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதத்தினரிடமும் தெற்கில் 0.10 சதவீதத்தினரிடமும் இருந்தது. நோய்க்கு இடம்கொடுக்கும் டிகியூ2, டிகியூ8 மரபணுக்கள் இரு இடங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சற்றே கூடுதலானவரிடம் சமமாகவே இருந்தன, வேறுபட்டது தட்டு. அன்றாடக் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்தி என்பது இங்கே வழக்கமாகிவிட்ட நிலையில், அந்த 25 அப்படியே நிற்குமா என்பது யோசிக்க வேண்டியது.

பசையத்தை விட்ட பிறகு தவறுதலாகச் சிறிது உட்கொண்டால் முன்பைவிடக் கடுமையாகத் தாக்குகிறது என்று நோயாளிகள் பலர் சொல்வதை வெறும் பிரமை என்று தள்ள முடியாது. நினைவு டி செல்கள் பசையத்தை மறப்பதில்லை. தேறிய நோயாளிகளுக்குப் பசையம் கொடுத்துப் பார்த்தபோது, இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உயர்ந்தது. குமட்டலும் வாந்தியும் அதோடு சேர்ந்தே வந்தன. ரசம் சாப்பிட்ட நாளில் வந்த வலிக்கு இப்படியும் ஒரு விளக்கம் இருக்கலாம்.

எதிர்ப்பொருள் அளவு மெல்ல இறங்கும். அதனால்தான் மறு பரிசோதனையைப் பொதுவாக ஆறு மாதம் கழித்து வைக்கிறார்கள். இயல்பு நிலையைத் தொட ஓராண்டுகூட ஆகலாம், தொடக்கத்தில் மிக உயர்ந்திருந்தால் அதற்கும் மேல். எண் இறங்கிக்கொண்டிருந்தால், வயிறு அவ்வப்போது உப்பினாலும் கவலைப்பட வேண்டியதில்லை. இறங்காமல் நின்றுவிட்டால், மருந்தைத் தேடுவதற்கு முன் உணவியலாளர் கேட்பது சமையலறையைப் பற்றித்தான்: பெருங்காயம் எது, மாவு எங்கே அரைத்தது, சப்பாத்தி சுடும் கல்லில்தான் தோசையும் வார்க்கிறீர்களா.