வண்டி தூங்கிய பிறகு விழித்திருப்பது எது?

"மூன்று நாள் காரை எடுக்காமல் விட்டால் நான்காம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரியை மாற்றினேன். புதுசுக்கும் அதே கதி" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாதி விடை அவர் கேள்வியிலேயே இருக்கிறது. ஆனாலும் முதலிலிருந்தே வருவோம். ஏனென்றால் பேட்டரியை மாற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை.

பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆற விடுங்கள். ஏற்றிய கையோடு அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் பொய்க்கணக்கு காட்டும். ஆறிய பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் வர வேண்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. அப்புறம் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு ஓரிரு நாள் சும்மா விட்டு மறுபடி அளங்கள். 12.6 அப்படியே நின்றால் பேட்டரி நிரபராதி, வண்டிதான் குடிக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கினால் கோளாறு பேட்டரிக்குள்ளேயே. 10.5 காட்டினால் மெக்கானிக்குகள் சொல்லும் 'ஒரு செல் போச்சு' அதுதான். செல்லுக்கு 2.1 வோல்ட், மொத்தம் ஆறு செல். ஒன்று படுத்தால் மிச்சம் 10.5.

பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்று யாராவது பலகை தேடினால் பொருட்படுத்த வேண்டாம். மரத்திலும் ரப்பரிலும் பேட்டரிப் பெட்டி செய்த காலத்தில் அதில் ஏதோ நியாயம் இருந்தது. இப்போது பெட்டி பிளாஸ்டிக். தரையை விட மூடியின் மேல் படிந்த அழுக்கைத்தான் கவனிக்க வேண்டும். அமிலப் பிசுக்கோடு சேர்ந்த தூசி கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை அழுக்கு மூடியிலும் வைத்துப் பார்த்தால், வெறும் பிளாஸ்டிக்கில் வோல்ட் காட்டும் வேடிக்கையைக் காணலாம்.

அந்த 2.1 வோல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. பேட்டரியின் தகடுகள் ஈயத்தால் ஆனவை. ஈயத்தின் அணுக்கரு கனமானது. அதை ஒட்டிச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டும். அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியலை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட முடியாது. 2011-இல் சுவீடன், பின்லாந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஒரு செல் தரும் 2.1 வோல்ட்டில் சுமார் 1.7 வோல்ட் சார்பியலின் கொடை. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே ஈய பேட்டரியைச் செய்தது 1859-இல். அது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று கணக்குப் பார்க்க 150 ஆண்டு ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கால் ஒரு பேட்டரியின் விலையும் குறையவில்லை. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கும் கணக்குப் பார்க்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வண்டிதான் குடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு? கடிகாரம், திருட்டு அலாரம், சாவியின் குரலுக்குக் காத்திருக்கும் ரேடியோ எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் குடித்தால் பொதுவாக நியாயம். ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரம் தாங்கும். ஆனால் 5 வாட் குட்டி பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால்? 0.4 ஆம்பியர், நாளுக்கு 10 ஆம்பியர்-மணி. மூன்று நாளில் முப்பது போய்விடும். நான்காம் நாள் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது கொடுக்க எதுவும் இருக்காது.

பழைய வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டெர்மினலைக் கழற்றி, நடுவே மீட்டரை ஆம்பியரில் செருகி, பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பக்கம் கோளாறு. இன்றைய வண்டியில் இது சரிப்படாது. உள்ளே ஏகப்பட்ட குட்டிக் கணினிகள். வண்டியைப் பூட்டிவிட்டுப் போனால் அரை மணியில், சிலது ஒரு மணி நேரத்தில், ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். டெர்மினலைக் கழற்றி மாட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு இழுக்கிற இழுப்பில் மீட்டருக்குள் இருக்கும் பியூஸே போய்விடலாம். வண்டி பியூஸைப் பிடுங்கிச் செருகுவது இன்னும் மோசம். தூங்காமல் அடம்பிடித்த கணினி புதிதாகத் தொடங்கி, நல்ல பிள்ளையாகத் தூங்கிவிடும். திருடனை எழுப்பி, முகம் கழுவச் சொல்லி, அப்புறம் விசாரிப்பது போல.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. எதையும் கழற்ற வேண்டாம், எதையும் பிடுங்க வேண்டாம். பியூஸ் என்பது என்ன? ஒரு மெல்லிய உலோகத் துண்டு. அதற்கும் மின்தடை உண்டு. 10 ஆம்பியர் பியூஸுக்கு ஏறத்தாழ 7.5 மில்லி ஓம். ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடக்கூடிய அளவு. ஆனால் அதன் வழியே 0.4 ஆம்பியர் ஓடினால் பள்ளியில் படித்த ஓம் விதி சும்மா இருக்குமா? இரண்டு முனைகளுக்கும் நடுவே 3 மில்லி வோல்ட் நின்றே ஆக வேண்டும். மின்சாரம் ஓடாத பியூஸில் சுழி. பியூஸின் முதுகைப் பாருங்கள்: கொண்டை ஊசி முனை நுழையும் அளவுக்கு இரண்டு சிறு துளைகளில் உலோகம் தெரியும். அளப்பதற்கென்றே விட்ட இடம் அது. மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டு முனைகளையும் அங்கே தொடுங்கள். சாதாரண மீட்டரின் 200 மில்லி வோல்ட் அளவில் 0.1 வரை தெரியும். 10 ஆம்பியர் பியூஸில் அது சுமார் 13 மில்லி ஆம்பியர். 30 ஆம்பியர் பியூஸின் தடை இதைவிடக் குறைவு என்பதால் அங்கே அதே 0.1 இன்னும் பெரிய ஒழுக்கைக் குறிக்கும். ஓடுகிற ஓட்டம் ஓடியபடியே இருக்கிறது, ஒரு கணினிகூட கண் விழிப்பதில்லை. எரிந்து சாவதற்கென்றே வைத்த கம்பி, சாகாமலே சாட்சி சொல்கிறது.

பியூஸ் பாக்ஸ் கதவோரம் இருந்தால் கதவைத் திறந்து வைத்துத்தான் அளக்க முடியும். திறந்த கதவு வண்டியைத் தூங்க விடாது. எனவே கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியதுபோல ஏமாற்றிவிட்டு, ரிமோட்டில் பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலையைப் பாருங்கள்.

என் வண்டியில் இப்படித்தான் பிடித்தேன். பதினேழு பியூஸ் 0.0. பதினெட்டாவதில் 3.1. அட்டையைப் பார்த்தால் உள் விளக்குகளின் பியூஸ். கண்ணுக்கு எல்லா விளக்கும் அணைந்துதான் இருந்தது. டிக்கி மட்டும் பாக்கி. அதைத் திறந்தால் விளக்கு எரியத்தானே செய்யும், எப்படிப் பார்ப்பது? கைபேசியில் வீடியோவை ஓட விட்டு உள்ளே வைத்து மூடினேன். திறந்து பார்த்தால் படம் முழுக்கப் பளிச்சென்று வெளிச்சம். மூடி அழுத்த வேண்டிய சுவிட்சின் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது.

வாசகருக்கு இன்னொன்று. திருடனைப் பிடித்த பிறகு பேட்டரியை சார்ஜரில் போட்டு நிதானமாக நிரப்புங்கள். அடிமட்டம் வரை இறங்கிக் கிடந்த பேட்டரியில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகத் தொடங்கியிருக்கும். பத்து நிமிட ஓட்டத்தில் அது கரையாது.

எல்லா பியூஸும் சுழி காட்டியும் பேட்டரி இறங்குகிறதென்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த கம்பி பெரும்பாலும் இந்தச் சின்ன பியூஸ்கள் வழியே போவதில்லை. மின்சாரம் திரும்பி வராமல் காவல் காக்கும் டயோடுகள் உள்ளே உண்டு. அதில் ஒன்று பழுதானால் பேட்டரி இரவெல்லாம் பின்பக்கமாக ஒழுகும். அதற்கு மீட்டர்கூட வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து தொட்டுப் பாருங்கள்: எஞ்சின் சில்லென்று கிடக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.