மானிட்டரிங்: எச்சரிப்பதா, கண்காணிப்பதா?

அணுக்கழிவு பற்றிய எந்த அறிக்கையைத் திறந்தாலும் 'மானிட்டரிங்' என்ற சொல் கண்ணில் படும். இதன் வேர் லத்தீனின் 'மோனேரே'. நினைவூட்டு, எச்சரி என்பது பொருள். அப்படி எச்சரிப்பவர் மானிட்டர். வகுப்பறை மானிட்டரும் அங்கிருந்து வந்தவர்தான். நம் திண்ணைப் பள்ளிகளில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர்.

தமிழில் நிலைத்துவிட்ட சொல் கண்காணிப்பு. கண்காணி என்றால் மேற்பார்வை செய்பவர். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அவரே கங்காணி ஆனார். ஆக, லத்தீன் சொல்லில் எச்சரிக்கை இருக்கிறது, தமிழ்ச் சொல்லில் விடாத பார்வை இருக்கிறது. எச்சரிக்கை வேண்டும் என்றால் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள யக்கா மலையைப் பாருங்கள். பயன்படுத்தப்பட்ட அணு எரிபொருளைப் புதைக்க இந்த ஓர் இடத்தை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. கழிவு ஒரு துளிகூட வரவில்லை, ஆனால் நிலத்தடி நீர், காற்றில் கலக்கும் தூசி, நில அதிர்வு, பாலை ஆமைகள் என்று எல்லாம் கண்காணிக்கப்பட்டன. இல்லாத கழிவுக்கு எதற்கு இத்தனை பாடு? மலையை ஒட்டியே பழைய அணுகுண்டுச் சோதனைத் திடல் இருக்கிறது. ஏற்கெனவே மண்ணிலும் நீரிலும் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், பிற்பாடு கூடுவது யாருடைய கணக்கு என்று சொல்ல முடியாது. இந்தத் தொடக்க அளவை 'அடிநிலை' என்கிறோம்.

மலைக்கும் தெற்கே மக்கள் வாழும் அமர்கோசா பள்ளத்தாக்குக்கும் நடுவே நை கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் கிணறுகள் தோண்டியது. அந்தத் திட்டத்துக்கு முன்னெச்சரிக்கைத் துளையிடல் என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் வேர் சொல்வதும் அதைத்தான்.

அப்புறம், கூடவே வரும் சொல் 'கம்ப்ளையன்ஸ்'. இதை 'இணக்கம்' என்று எழுதுகிறார்கள். ஏதோ இரண்டு பேர் சமாதானமாகப் போனதுபோல இருக்கிறது. 'விதிக்கு உட்படுதல்' தெளிவாக இருக்கும். யக்காவுக்கு 2008இல் வந்த விதிப்படி, அந்தப் பள்ளத்தாக்கு மக்களைப்போல வாழ்ந்து, நாளுக்கு 2 லிட்டர் உள்ளூர் நிலத்தடி நீரைக் குடிக்கும் ஒரு கற்பனை மனிதருக்குக் கிடங்கிலிருந்து போகும் கதிரியக்க அளவு முதல் 10,000 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 15 மில்லிரெம்மை (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு 10 லட்சம் ஆண்டுவரை 100 மில்லிரெம்.

சரி, இதை யார் கண்காணிப்பது? முடியாது. கணினி மாதிரிகளால் கணக்கிட்டுத்தான் காட்ட வேண்டும். அதனால் இந்த வேலைக்குக் 'கண்காணிப்பு' என்று எழுதினால் தவறு, 'மதிப்பீடு' என்பதே சரி. கிடங்கை மூடும்வரை பாறையையும் நீரையும் அளந்துகொண்டே இருப்பது மட்டும்தான் கண்காணிப்பு. யக்காவில் அடிநிலையைக் கண்காணித்ததோடு சரி, கழிவு வந்த பிறகு செய்ய வேண்டிய கண்காணிப்புக்கு வேலையே வரவில்லை. 2008இல் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார்கள், அடுத்த சில ஆண்டுகளிலேயே நிதி நின்றுபோனது.